பங்குனி, சித்திரை லீவுல பிள்ளைகளுக்கு என்ன பழக்கலாம்? கடற்கரை ஊர்க்காரங்க சொல்லுங்க

மன்றத்து_தம்பி | மார்ச் 8, இரவு 9:10

மண்டபம் பக்கத்துல ஒரு ஊர் இளைஞர் மன்றம். 10 வயசுல இருந்து 17 வரைக்கும் 25 பிள்ளைகள். இந்தப் பங்குனியில எல்லாம் நெருக்கி வருது. மார்ச் 29 குருத்தோலை ஞாயிறு, 31 செவ்வாய்க்கிழமை அம்மன் கோவில் பொங்கலும் முளைப்பாரியும், ஏப்ரல் 5 உயிர்ப்பு ஞாயிறு, 14 வருசப்பிறப்பு. மறுநாள் 15-ல விசைப்படகுக்குத் தடைக்காலம் ஆரம்பம், ஜூன் 14 வரைக்கும் 61 நாள். பரீட்சை முடிஞ்ச பிள்ளைகளும் கரையில, அப்பாமாரும் கரையில.

"அதிகாலையில் எழு, தண்ணீர் குடி, போனைத் தள்ளி வை"ன்னு மன்றத்துச் சுவத்துல எழுதியாச்சு. ஒருத்தரும் படிக்கலை. திருநாள் வேலையோட சேர்த்துப் பழக்கினா நிக்கும்னு தோணுது. எந்த வேலை, எவ்வளவு அளவு, எத்தனை நாள், எங்கே கெட்டுப்போகும், இதெல்லாம் தெரிஞ்சவங்க எழுதுங்க. வாழ்த்துப் படம் மட்டும் போடாதீங்க, புண்ணியமாப் போகும்.

---

முளைக்கொட்டு_அக்கா | மார்ச் 8, இரவு 10:02

தம்பி, கையிலயே மருந்தை வச்சுக்கிட்டுக் கேக்குறீங்க. முளைப்பாரியைவிட நல்ல பயிற்சி எது? ஒரு வேளை தண்ணி தெளிக்க மறந்தா மூணாம் நாள் பாரியே காட்டிக் கொடுத்துரும். யாரும் திட்ட வேண்டியதில்லை.

31-ந்தேதி சாயங்காலம் எடுக்கணும்னா 22-ந்தேதி ஞாயித்துக்கிழமை ராத்திரி விதை போடணும். ஒன்பது நாள். நம்ம பக்கம் பங்குனி வெக்கைக்கு எட்டு நாளே போதும்னு சிலர் சொல்லுவாங்க. ஆனா ஒரு நாள் கூட வச்சுக்கிறது நல்லது, வளராததை இழுத்து வளர்க்க முடியாது.

ஓடு: ஒரு அடி அகல மண் ஓடு, இல்லேன்னா உடைஞ்ச பானையோட அடிப்பாகம். அடியில மூணு ஓட்டை இருக்கணும். பிளாஸ்டிக் பேசின் வச்சாலும் ஆணியைச் சுட வச்சு ஓட்டை போட்டுருங்க.

அடுக்கு: கீழே இரண்டு விரக்கடை வைக்கோல். அதுக்கு மேல கண்மாய் வண்டலும் காஞ்சு உதிர்ந்த மாட்டுச் சாணி எருவும் சரிக்குச் சரி கலந்து மூணு விரக்கடை. பச்சைச் சாணி கூடவே கூடாது, சூடு கிளம்பி முளை வெந்துரும்.

விதை: ஒரு அடி ஓட்டுக்கு எல்லாம் சேர்த்து 200 கிராம். பாசிப்பயறு, தட்டப்பயறு, மொச்சை, உளுந்து, சோளம், கேப்பை, கம்பு, நெல், எள்ளுன்னு ஒன்பது வகை சொல்லுவாங்க. ஊருக்கு ஊர் மாறும். உசரம் குடுக்கிறது பயறு வகைதான், அதனால முக்கால் பங்கு பயறு இருக்கட்டும். முழுப் பயறா வாங்குங்க, உடைச்சதுல முளை வராது.

ஊற வைக்கிறது: பாசிப்பயறு, உளுந்து 8 மணி நேரம். மொச்சை, தட்டை 12 மணி நேரம். அப்புறம் தண்ணியை இறுத்து, துணியில கட்டி அரை நாள் தொங்க விட்டு, வெள்ளை முனை எட்டிப் பார்த்ததும் தூவணும். அப்படின்னா ஊற வைக்கிறது 21-ந்தேதி ராத்திரியே. விதையை நெருக்கமாத் தூவி, மேல கண்ணு மறையிற அளவுக்கு எருப்பொடி போட்டாப் போதும்.

தண்ணி: காலை, மாலை ரெண்டு வேளை கையால தெளிக்கணும். செம்பால ஊத்தக் கூடாது.

இடம்: இருட்டு அறை. வெளிச்சம் படாததாலதான் பச்சை ஏறாம மஞ்சளா, உசரமா வரும். ஒரு ஓட்டை வழியா வெளிச்சம் வந்தாலும் பாரி பூரா அந்தப் பக்கம் சாஞ்சிரும்.

இன்னொண்ணு. நிறைய ஊர்ல பாரி வளர்க்கிற அறைக்குள்ள ஆம்பளைப் பிள்ளைக போகக் கூடாதுன்னு வழக்கம். அவங்களுக்கு வேலை இல்லாம இல்லை. வண்டல் அள்ளுறது, எரு உடைச்சுச் சலிக்கிறது, தண்ணி கொண்டாந்து வாசல்ல வைக்கிறது, எடுக்கிற அன்னைக்குப் பாதையைக் கூட்டுறது எல்லாம் அவங்களது. தினம் ரெண்டு குடம் தண்ணி யார் முறைன்னு பேர் எழுதி ஒட்டுங்க.

---

உப்பூர்க்காரர் | மார்ச் 9, காலை 6:41

அக்கா, நாலாம் நாளே நாத்தம் அடிச்சு, நடுவுல கூழ் மாதிரி ஆயிருதே, அது ஏன்? சில ஓட்டுல ஓரத்துல மட்டும் முளைச்சு நடு வழுக்கையாவும் நிக்குது.

---

முளைக்கொட்டு_அக்கா | மார்ச் 9, காலை 8:15

நடுவுல கூழ்: தண்ணி வடியலை. ஓட்டை அடைச்சிருக்கும், இல்லேன்னா விதையை ஒரே இடத்துல கொட்டி வச்சிருப்பாங்க. 200 கிராமுக்கு மேல போட்டாலும் இதே கதைதான். முளைக்குச் சூடு உண்டு, நெருக்கம் கூடினா அந்தச் சூட்டுலயே வெந்துரும். தகரக் கூரைக்குக் கீழ வச்சாலும் மத்தியானம் வெந்துரும், ஓட்டு வீடு நல்லது.

வழுக்கை: பழைய விதை. 100 விதையை எண்ணி ஈரத்துணியில ரெண்டு நாள் மடிச்சு வைங்க. 80-க்குக் குறைஞ்சு முளைச்சா அந்த மூட்டையைத் திருப்பிக் குடுத்துருங்க. இந்த எண்ணுற வேலையைப் பத்து வயசுப் பிள்ளைகிட்டக் குடுங்க, பெரியவங்களைவிட ஒழுங்கா எண்ணும்.

எல்லாத்தையும்விட நம்ம கரைக்கு முக்கியமான காரணம் தண்ணிதான். போர்த்தண்ணியில உப்பு கூடினா முளை கால்வாசி வராது, வந்ததும் நுனி கருகும். நாக்குல வச்சா உப்பு தெரியுற தண்ணி பாரிக்கு ஆகாது. ஊருணித் தண்ணி, இல்லேன்னா குழாய்ல வர்ற காவிரித் தண்ணி. ஊற வைக்கிறதுக்கும் அதேதான். அங்கே போர்த்தண்ணியில ஊற வச்சுட்டு இங்கே காவிரித் தண்ணி தெளிச்சுப் பயனில்லை.

---

வேர்க்கோடு_ஆசிரியை | மார்ச் 9, மாலை 5:30

தவக்காலத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை 46 நாள். இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. பிள்ளைகள் "40 நாள்" என்று காலண்டரில் எண்ணிக் குழம்புவது இதனால்தான். உயிர்ப்பு ஞாயிறு ஆண்டுதோறும் நகர்வதற்கும் கணக்கு உண்டு: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டியே வருவதால்தான் இரண்டும் பல ஆண்டுகளில் ஒரே வாரத்தில் விழுகின்றன. இரண்டு தெருப் பிள்ளைகளும் சேர்ந்து மொட்டை மாடியில் ஒரு மாதம் நிலவை வரைந்தால் இதைப் பாடமாக நடத்தத் தேவையில்லை.

உபவாசம் பற்றி ஓர் எச்சரிக்கை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி இறைச்சி தவிர்ப்பது 14 வயது நிரம்பியவர்களுக்கு. ஒருசந்தி (ஒரே வேளை முழு உணவு) இருப்பது 18 வயது நிரம்பியவர்களுக்கு, அதுவும் 60-ஆம் வயது தொடங்கும் வரைதான். 12 வயதுப் பிள்ளை புனித வெள்ளியன்று தண்ணீர்கூடக் குடிக்காமல் சிலுவைப்பாதையில் வெயிலில் நடக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு ஏற்றது சிறு ஒறுத்தல். ஐஸ்கிரீம் காசை மண் உண்டியலில் போடுவது, மாலை ஜெபம் முடியும்வரை போனை அலமாரியில் வைப்பது. ஒன்றே ஒன்று. நான்கைந்தை ஒரே நேரத்தில் எடுத்த பிள்ளை இரண்டாவது வாரம் எல்லாவற்றையும் விட்டுவிடும்.

குருத்தோலைச் சிலுவை செய்யும் முறை: ஒரு விரல் அகலத்தில் ஓலையைக் கிழித்து ஈர்க்கை எடுத்துவிடுங்கள். 40 செ.மீ. துண்டு ஒன்று, 24 செ.மீ. துண்டு ஒன்று, நூல் போல மெல்லியதாக 30 செ.மீ. துண்டு ஒன்று. முதல் இரண்டையும் நடுவில் மடித்து இரட்டையாக்குங்கள். நீளமானது நிற்க, குட்டையானது மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறுக்கே. மெல்லிய துண்டால் முதலில் ஒரு மூலைவிட்டமாக இரண்டு சுற்று, பிறகு எதிர் மூலைவிட்டமாக இரண்டு சுற்று. நுனியைப் பின்பக்கச் சுற்றுக்குள் செருகி இழுத்தால் முடிச்சே வேண்டாம். ஒரே திசையில் மட்டும் சுற்றினால் சிலுவை கத்தரிக்கோல் போல மடங்கும். மடிக்கும்போது ஓலை வெடித்தால் அது காய்ந்துவிட்டது என்று பொருள். முந்தின நாள் இரவே ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள்.

வீட்டில் மாட்டிய பழைய சிலுவைகளைக் குப்பையில் போடாமல் கோவிலில் சேர்க்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு திருநீறு அவற்றை எரித்துத்தான் எடுக்கப்படுகிறது.

---

பனங்காட்டான் | மார்ச் 9, இரவு 8:48

டீச்சர் சொன்னதுல ஓலைக் கணக்கு ஒண்ணு விட்டுப்போச்சு. தென்னங்குருத்தோ பனங்குருத்தோ, மரத்துக்கு ஒண்ணுக்கு மேல வெட்டாதீங்க. பனை ஒரு வருசத்துக்கு விடுறதே ஏறக்குறைய 12 ஓலை. வடலியில, அதாவது இளம் பனையில, குருத்தை இழுத்துப் பிடுங்கினா கொண்டையே செத்துரும். 25 பிள்ளைக்கு ரெண்டு குருத்து தாராளம். அதுக்குன்னு பத்து மரத்தைச் சிரைக்க வேண்டாம்.

அடுத்தது, போன வருசம் யாரோ "சித்திரை முதல் நாளில் பனை விதைப்போம்"னு நோட்டீஸ் போட்டிருந்தாங்க. சித்திரையில ஏதுப்பா பனம்பழம்? இப்ப நுங்குப் பருவம். பழம் விழுறது ஆடி, ஆவணி. விதைக்கிறது மழைக்கு முன்னால புரட்டாசி வரைக்கும். சித்திரையில பழைய கொட்டையைப் புதைச்சா வெயில்ல காஞ்சுதான் கிடக்கும். பிள்ளைக மூணு மாசம் தண்ணி ஊத்தி ஏமாந்துட்டு, அப்புறம் மரம்னாலே சலிச்சுக்கும்.

இப்ப பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியது பதநீர். சாயல்குடிப் பக்கம் காலையில 6 மணிக்கெல்லாம் இறக்கிருவாங்க. கலயத்தோட உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டுனாத்தான் பதநீர், தடவாட்டி கள்ளு. சுண்ணாம்பு குறைஞ்சா நுரை கட்டிப் புளிச்ச வாடை வரும். கூடினா நாக்கு வெந்து சுவை மழுங்கும். வாங்கினதும் அரை மணி நேரம் அசைக்காம வச்சா சுண்ணாம்பு அடியில தங்கும், தெளிவை மட்டும் இறுத்துக்கங்க. 10 மணிக்கு மேல தெருவுல விக்கிறதைப் பிள்ளைகளுக்கு வாங்கிக் குடுக்காதீங்க. வெயில் ஏற ஏறப் புளிப்பு ஏறும். ஐஸ் போட்டா வாடை தெரியாது, அதுதான் ஏமாத்து.

வருசப்பிறப்புக்குப் பதநீர்க் கஞ்சி வைங்க. 10 பேருக்கு 2 லிட்டர் தெளிஞ்ச பதநீர், 250 கிராம் பச்சரிசி நொய், 100 கிராம் வறுத்த பாசிப்பருப்பு, அரை மூடித் தேங்காய், ஏலம், சுக்கு. அரிசியையும் பருப்பையும் முதல்ல வெறும் தண்ணியில குழைய வேக விடணும். அதுக்கு அப்புறம்தான் பதநீர். இனிப்புல போட்ட அரிசி எத்தனை நேரம் எரிச்சாலும் விதை விதையாவே நிக்கும். முக்காவாசிப் பேர் கெடுக்கிறது இந்த இடத்துலதான்.

---

மன்றத்து_தம்பி | மார்ச் 9, இரவு 9:20

அண்ணே, கருப்பட்டி காய்ச்சுறதைப் பிள்ளைகளை வச்சுச் செய்யலாமா?

---

பனங்காட்டான் | மார்ச் 9, இரவு 10:05

பாக்கலாம், கிண்டக் கூடாது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு 8 லிட்டர், 10 லிட்டர் பதநீர் வத்தணும். கடைசிப் பாகு கொதிக்கிற தண்ணியைவிடச் சூடு, தோல்ல ஒட்டினா விடாது. பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு நுரையை அடக்குவாங்க. ஒரு சொட்டைத் தண்ணியில விட்டா உருண்டை பிடிக்கணும், அப்ப இறக்கி மர அகப்பையால கிண்டிச் சிரட்டையில ஊத்தணும். பிள்ளைகளுக்குச் சிரட்டை கழுவி ஈரத்தோட வரிசையா அடுக்குற வேலை. ஈரம் இல்லாத சிரட்டையில ஊத்தினா கருப்பட்டி கழண்டு வராது.

மரம் ஏறப் பழக்குறதை லீவு விளையாட்டா நினைக்காதீங்க. அது தொழில்.

---

கீழக்கரை_காக்கா | மார்ச் 10, காலை 5:55

அஸ்ஸலாமு அலைக்கும். ரமலானை விட்டுட்டீங்களே தம்பி. பிறைக் கணக்குங்கிறதால வருசத்துக்கு 10, 11 நாள் முன்னால நகரும், இப்ப சில வருசமா இந்தப் பருவத்தை ஒட்டித்தான் வருது. நோன்பும் பருவமடைஞ்ச பிறகுதான் கடமை. சின்னப் பிள்ளைகளை லுஹர் (மத்தியானத் தொழுகை) வரைக்கும் "அரை நோன்பு" வைக்கச் சொல்லிப் பழக்குவாங்க. தலை சுத்துனா உடனே தண்ணி குடுத்துரணும். நாளைக்கும் நாள் இருக்கு.

பழக்கம்னு பாத்தா ரெண்டு விசயம். ஒண்ணு, பாங்கு சத்தம். தனியா அலாரம் வேணாம். சுபுஹுக்கு (விடியக்காலைத் தொழுகைக்கு) எந்திரிச்ச பிள்ளை நோன்பு முடிஞ்சும் எந்திரிக்கணும்னா பெருநாள் மறுநாளே விட்டுறக் கூடாது. முதல் வாரம் போயிருச்சுன்னா அவ்வளவுதான். ரெண்டு, கஞ்சிச் சட்டி. அஸர் தொழுகைக்கு (சாயங்காலம்) அப்புறம் பள்ளிவாசல்ல வாங்கிற கஞ்சியில பக்கத்து வீட்டுக்கு ஒரு சட்டி, அது யார் வீடா இருந்தாலும். எடுத்துட்டுப் போறது வீட்டுல கடைசிப் பிள்ளை.

வீட்டுல வைக்கிறவங்களுக்கு: 10 பேருக்கு அரை கிலோ நொய், 100 கிராம் பாசிப்பருப்பு, ஒரு ஸ்பூன் வெந்தயம், 5 லிட்டர் தண்ணி. வெங்காயம், இஞ்சி பூண்டு, புதினா, மல்லி வதக்கிப் போட்டு, வெந்த பிறகு ஒரு மூடித் தேங்காய்ப் பாலை ஊத்தி ஒரு கொதியில இறக்கணும். பாலை ஊத்திட்டு நேரமாக் கொதிக்க விட்டா திரிஞ்சிரும். பிளாஸ்டிக் பையில கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி வாங்குறதை விடச் சொல்லுங்க. தூக்குவாளி எதுக்கு இருக்கு?

---

வடகடல் | மார்ச் 10, இரவு 7:33

தடைக்காலத்தைப் பத்தி யாரும் எழுதலை. 61 நாளும் விசைப்படகுக்குத்தான் தடை, நாட்டுப்படகு போகும். ஆனா நிறைய அப்பாமாரு கரையில இருக்காங்க. நீச்சலும் வலை பொத்துறதும் பழக்க இதைவிட்டா வேற நேரம் கிடையாது.

எந்தக் கடல்னு முதல்ல பாருங்க. வாடைக்காலத்துல (வடகிழக்குக் காத்து) வடகடல் சீறும், சோளகத்துல (தென்மேற்குக் காத்து) தென்கடல் சீறும். சித்திரையில வாடை அடங்கியிருக்கும், பாக் நீரிணைப் பக்கம் குளம் மாதிரி கிடக்கும். பெண்கடல்னு பேர் வச்சது சும்மா இல்லை. மன்னார் வளைகுடாப் பக்கம் சோளகம் ஏற ஏற இழுவை கூடும். தனுஷ்கோடி அரிச்சல்முனையில குளிக்கவே கூடாது. ரெண்டு கடல் சேர்ற இடம், அடி மண்ணு நாளுக்கு நாள் மாறும்.

முறை: காலை 6:30-லருந்து 8:30 வரைக்கும். அஞ்சு பிள்ளைக்கு நீந்தத் தெரிஞ்ச ஒரு பெரிய ஆள், அதுபோகக் கரையில எண்ணுறதுக்குன்னே ஒருத்தர், அவர் கையில போன் கூடாது. இடுப்பளவு தண்ணிக்கு மேல போகாம மிதவைக் கயிறு கட்டணும். முதல் அஞ்சு நாள் நீச்சலே வேணாம். முகத்தை முக்கி மூச்சு விடுறது, மல்லாக்க மிதக்குறது, ரெண்டும்தான். மிதக்கத் தெரிஞ்ச பிள்ளை பயப்படாது. பயந்த பிள்ளைதான் முங்கும்.

காலி கேனை முதுகுல கட்டி இறக்கிவிடாதீங்க. கயிறு நழுவி இடுப்புக்குக் கீழ போனா காலைத் தூக்கித் தலையை முக்கிரும். லைஃப் ஜாக்கெட் வாங்க வழியில்லேன்னா இடுப்பளவைத் தாண்டாதீங்க, அவ்வளவுதான்.

அந்தக் கேனுக்கு வேற வேலை உண்டு. 5 லிட்டர் கேன்ல ரெண்டு டம்ளர் தண்ணி விட்டு மூடி, 15 மீட்டர் கயிறு கட்டி வைங்க. யாராவது தத்தளிச்சா குதிக்காம இதை எறியணும். தண்ணி இல்லாத கேன் காத்துல திரும்பி வந்துரும், அதான் ரெண்டு டம்ளர். கயிறோட மறு நுனியைக் காலுல மிதிச்சுக்கிட்டு எறியச் சொல்லுங்க, கேனோட கயிறும் சேர்ந்து போறது எல்லாருக்கும் நடக்கிறதுதான். தினம் பத்து எறி பழகட்டும்.

நீரோட்டம் இழுத்தா கரையைப் பாத்து நீந்தக் கூடாது. கரைக்கு ஒப்பாப் பக்கவாட்டுல நீந்தி வெளியே வந்து அப்புறம் கரைக்கு.

ஆழமில்லாத இடத்துல காலைத் தூக்கி வைக்காம மண்ணைத் தேய்ச்சு நடக்கணும், திருக்கை விலகிப் போயிரும். முள் குத்திட்டா பொறுக்கிற சூட்டுத் தண்ணியில முக்கி வச்சு ஆசுபத்திரிக்குப் போங்க. சொறி (ஜெல்லி மீன்) பட்டா கடல் தண்ணியாலதான் கழுவணும். நல்ல தண்ணியோ மண்ணு போட்டுத் தேய்க்கிறதோ எரிச்சலைக் கூட்டும். மூச்சு வாங்கினா 108. கடல்ல ஆபத்துன்னா கடலோரக் காவல் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. இந்த மூணு நம்பரையும் பிள்ளைக மனசுல வச்சிருக்கணும். போன் லாக்கா இருக்கும்போதும் அடிக்கத் தெரியணும்.

---

உப்பூர்க்காரர் | மார்ச் 10, இரவு 8:50

வடகடல் அண்ணே, கோவிச்சுக்காதீங்க. 25 பிள்ளையைக் கடல்ல இறக்குறது மன்றத்துக்குத் தேவையா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யார் பதில் சொல்றது? வலை பொத்துறதோட நிறுத்திக்கலாமே.

---

வடகடல் | மார்ச் 10, இரவு 9:31

மன்றம் இறக்காட்டி அதுகளே இறங்கும், கரையில எண்ணுறதுக்கு ஆளும் இருக்காது. ஆனா 25-ஐயும் ஒரே நாள் இறக்கச் சொல்லலை. நாளுக்கு அஞ்சு பேர். வீட்டுல சம்மதம் எழுதி வாங்குங்க. வலிப்பு, காது சீழ் இருக்கிற பிள்ளைகளைத் தனியாக் கேட்டுக்கங்க.

வலை பொத்துறதுக்கு: கிழிசலைச் சுத்தி முதல்ல கத்தரிச்சுச் சுத்தம் பண்ணணும். புதுசாப் பழகுறவங்க இதைச் செய்யாம அப்படியே இழுத்துக் கட்டுவாங்க, வலை அந்த இடத்துல சுருங்கிப் பை விழுந்துரும். மூணு கால், அதாவது மூணு நூல், நிக்கிற முடிச்சுல ஆரம்பிச்சு, மூணு கால் நிக்கிற முடிச்சுல முடியணும். நடுவுல வர்ற முடிச்சுக்கு எல்லாம் ரெண்டு கால்தான் இருக்கணும். கண்ணி அளவுக்கு ஒரு பட்டைக் குச்சி செதுக்கி வச்சுக்கிட்டா எல்லாக் கண்ணியும் ஒண்ணா வரும். ஒரு நாளைக்கு ஒரு முழம் போதும். வெட்டின நைலான் துண்டை மணல்ல விடாம டப்பாவுல போடணும். பழைய வலைத் துண்டு ஆமை கழுத்துல மாட்டுறது இப்படித்தான்.

---

வேர்க்கோடு_ஆசிரியை | மார்ச் 11, காலை 7:05

ஆமை என்றதும் நினைவு வந்தது. பங்குனி, சித்திரையில் தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறைப் பொரிப்பகங்களிலிருந்து சிற்றாமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவார்கள். முட்டை பொரிய ஏறக்குறைய ஒன்றரை மாதம். அழைத்துப் போவதானால் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். போன் வெளிச்சம் அடிக்கக் கூடாது, வெளிச்சம் இருக்கும் பக்கம் குஞ்சுகள் திரும்பிவிடும். கையால் தூக்கிக் கொண்டுபோய் அலையில் விடுவதும் தவறு, அவை தாமாக மணலில் நடந்து இறங்க வேண்டும்.

கரை துப்புரவு வைத்தால் பிளாஸ்டிக்கை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். பவளத்துண்டு, உயிருள்ள சங்கு, கடல் அட்டை எதையும் தொடக் கூடாது. கடல் அட்டையை எடுப்பது சட்டப்படி குற்றம். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அனுமதியின்றி இறங்கவும் கூடாது.

---

முளைக்கொட்டு_அக்கா | மார்ச் 11, காலை 9:40

வேப்பம்பூவை மறந்துட்டீங்க எல்லாரும். இப்பவே பூத்துக் கொட்டுது, வருசப்பிறப்பு வரைக்கும் காத்திருந்தா மரத்துல காய்தான் இருக்கும்.

ராத்திரி மரத்தடியில பழைய வேட்டியை விரிச்சுக் கல்லு வைங்க. விடியக் காலையில காத்து எழும்புறதுக்கு முன்னால அள்ளிரணும். 7 மணிக்கு மேலன்னா மண்ணும் எறும்பும் சேர்ந்துரும். காம்பு, இலை பொறுக்கி நிழல்ல மூணு, நாலு நாள் காய வச்சு, கையில எடுத்தா நொறுங்கணும். ஈரம் இருக்கும்போது டப்பாவுல அடைச்சா பூஞ்சை. நம்ம கரைக்காத்துல ஈரம் உண்டு, மாடியில ராத்திரி விட்டுறாதீங்க.

பச்சடி ஆறு பேருக்கு: கிளிமூக்கு மாங்காய் ஒண்ணு, 120 கிராம் கருப்பட்டி, காஞ்ச பூ ரெண்டு ஸ்பூன், நம்ம முண்டு வத்தல் ரெண்டு, கடுகு, உப்பு ஒரு சிட்டிகை. முண்டு வத்தலுக்கு 2023-ல புவிசார் குறியீடே கிடைச்சிருச்சு, பக்கத்துல வச்சுக்கிட்டு நீட்டு வத்தல் வாங்காதீங்க. கருப்பட்டியைக் கரைச்சு வடிகட்டணும், மண் இருக்கும். மாங்காய் வெந்ததும் கருப்பட்டி, கொதிச்சு இறுகினதும் இறக்கிரணும். பூவை ஒரு ஸ்பூன் நெய்யில காப்பிக்கொட்டை நிறத்துக்கு வறுத்து, பரிமாறும்போதுதான் தூவணும். சேர்த்துக் கொதிக்க விட்டா பச்சடி பூரா கசக்கும், பிள்ளைக வாயிலயே வைக்காது. கருக விட்டாலும் அப்படித்தான்.

---

பனங்காட்டான் | மார்ச் 11, இரவு 7:12

முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் சொந்தம் இருக்கிற பிள்ளைகளை வருசப்பிறப்பு அன்னைக்குப் பொன்னேர் (வருசத்து முதல் உழவு) பூட்டுறதைப் பாக்க அனுப்புங்க. இப்ப மாட்டுக்குப் பதிலா டிராக்டருக்குத்தான் மாலை. விதைப்பெட்டியைத் தலையில வச்சு நடக்கிறது இன்னமும் உண்டு.

---

மன்றத்து_தம்பி | மார்ச் 11, இரவு 9:45

எல்லாத்துக்கும் நன்றி. ஒரு சந்தேகம். யார் யார் என்ன செஞ்சாங்கன்னு நோட்டு போடலாமா? அதிகம் செஞ்சவங்களுக்குப் பரிசு குடுத்தா?

---

வேர்க்கோடு_ஆசிரியை | மார்ச் 12, காலை 6:20

நோட்டு சரி, பரிசு வேண்டாம். பரிசு வைத்தால் செய்யாததையும் செய்ததாக எழுதுவார்கள். முளைப்பாரிக்கு யாராவது மதிப்பெண் போடுகிறார்களா? ஒரு தாளில் பெயரும் நாளும் மட்டும் போதும், பிள்ளையே கோடு போடட்டும். ஒரு நாள் விட்டால் பரவாயில்லை. தொடர்ந்து இரண்டு நாள் விட்டால் அந்த வேலை பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம், பாதியாகக் குறையுங்கள்.

நேரத்தை மணியாக எழுதாதீர்கள். "6 மணிக்கு" என்பதைவிடத் "மாதா கோவில் திருந்தாதி ஜெப மணி அடித்ததும்" என்பது நிற்கும். காலை 6, பகல் 12, மாலை 6, மூன்று வேளையும் ஊரே கேட்கிறது. காக்கா சொன்ன பாங்கும் அப்படித்தான்.

---

கீழக்கரை_காக்கா | மார்ச் 12, காலை 6:58

டீச்சர் சொல்றது சரி. ஆனா பரிசே இல்லாம 17 வயசுப் பையன் வரமாட்டான். அவனுக்குப் பொறுப்பைக் குடுங்க, கரையில எண்ணுற வேலை, தண்ணி முறை பாக்குற வேலை. அதுதான் அவனுக்குப் பரிசு. எங்க ஊர் இனிப்பு தொதல் ரெண்டு துண்டு குடுத்தாலும் தப்பில்லை.

---

மன்றத்து_தம்பி | மார்ச் 12, இரவு 8:30

வரைவு இது, திருத்துங்க.

மார்ச் 13 முதல்: வேப்பம்பூ, தினம் மூணு பேர்.
மார்ச் 14: 100 விதை எண்ணி முளைப்புச் சோதனை.
21 ராத்திரி: விதை ஊற வைக்கிறது. 22 ராத்திரி: தூவுறது.
23 முதல் 31 வரை: காலை மாலை தண்ணி முறை.
28 சாயங்காலம்: ரெண்டு குருத்து வெட்டி ஈரச் சாக்குல. அன்னைக்கு ராத்திரியே சிலுவை கட்டுறது.
ஏப்ரல் 14: பதநீர்க் கஞ்சி, பச்சடி.
16 முதல்: நாளுக்கு அஞ்சு பேர் வடகடல்ல, மத்தவங்க வலை.
மத்தியானம் 12-லருந்து 3 வரைக்கும் வெளி வேலை எதுவும் கிடையாது. மன்றத்துல உப்புச் சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணி, 6 ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு.

---

வடகடல் | மார்ச் 12, இரவு 9:04

ஸ்பூன்னா டீ ஸ்பூன், தலை தட்டினதுன்னு சேர்த்து எழுதுங்க. குவிச்சுப் போட்டா உப்பு கூடிப் பிள்ளைக்கு வாந்தி வரும். 16-ந்தேதி காலையில காத்து எப்படின்னு பாத்துட்டு இறங்குங்க, வெள்ளை அலை தெரிஞ்சா அன்னைக்கு வலை மட்டும்.

---

முளைக்கொட்டு_அக்கா | மார்ச் 12, இரவு 9:37

21 ராத்திரின்னு மொத்தமாப் போட்டிருக்கீங்க. மொச்சை, தட்டையை 9 மணிக்குப் போடுங்க, பாசிப்பயறு, உளுந்தை 1 மணிக்கு யாரும் எந்திரிச்சுப் போட மாட்டாங்க. அதனால அதை மறுநாள் காலை 5 மணி வாக்குல பாங்கு சத்தத்தோட ஊற வச்சு, மத்தியானம் 1 மணி வாக்குல இறுத்துக் கட்டினா ராத்திரி தூவ முனை வந்திரும். மொச்சையைக் காலை 9-க்கே இறுத்துரணும், மறந்து மத்தியானம் வரைக்கும் கிடந்தா தோல் வழுக்கி நாத்தம் பிடிச்சிரும். 31-ந்தேதி ஊருணியில கரைக்கிறதுக்கு முன்னால ஓட்டுல சுத்தின பிளாஸ்டிக் பூவையும் ஜரிகைத் தாளையும் கழட்டி வாங்க ரெண்டு பையன்களைப் படித்துறையில நிக்க விடுங்க.